செய்மதிகளும் அசையும் நிலமும்: ஒரு வரலாற்று நோக்கு

1906 ஆம் ஆண்டு ஏப்பிரல் 18 ஆம் நாள் அதிகாலையில் சான்பிரான்சிஸ்கோ நகரைக் குலைத்த பூமியதிர்ச்சியைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதனைத் தொடர்ந்து மூண்ட தீயையும் அழிந்த கட்டடங்களையுமே விரித்துரைத்துள்ளனர். எனினும் அறிவியல் வரலாற்றை நோக்குமிடத்து, அவ்வழிவின் பின்னர் ஆரவாரமின்றி நடைபெற்ற நிலஅளவை வேலையொன்றே கூடிய முக்கியத்துவம் உடையதாகத் தோன்றுகின்றது. கலிபோர்ணியாவின் கரையோர மலையுச்சிகளை முக்கோணங்களாக இணைத்து அளக்கும் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நடைபெற்று வந்தது. வரைபடங்களுக்கு வேண்டிய அடிப்படை அளவைகளைப் பெறுவதே அதன் நோக்கமாகும். அதிர்ச்சியின் பின், 1906, 1907 ஆம் ஆண்டுகளில், அக்குறிகள் மீளவும் அளக்கப்பட்டன. குறிகள் பல தத்தம் இடத்தில் இல்லை. சான் அன்றியாஸ் பிளவின் ஒரு பக்கத்தவை ஒரு திசையிலும் மறுபக்கத்தவை எதிர்த்திசையிலும் நகர்ந்திருந்தன. இவ்விரு காலத்து அளவைகளையும் ஒப்புநோக்கிய ஹரி பீல்டிங் றீட் என்னும் அறிஞர், நிலம் நெடுங்காலமாகச் சிறிது சிறிதாக வளைந்து, தாங்கும் எல்லை கடந்ததும் பிரம்பு முறிவது போல முறிந்து நிமிர்கின்றது என்ற கொள்கையை 1910 இல் வெளியிட்டார். பூமியதிர்ச்சி பற்றிய இன்றைய விளக்கங்கள் யாவும் இக்கொள்கையை அடியாகக் கொண்டவையே.

ஈண்டு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், பழைய அளவையைச் செய்தோர் பூமியதிர்ச்சியை ஆராயும் நோக்குடன் அதனைச் செய்தாரல்லர் என்பதாகும். வேறொரு தேவைக்காக எழுந்த பதிவு, அரை நூற்றாண்டு கழிந்தபின், எழுதியோர் எண்ணியும் பாராத வினாவிற்கு விடை கூறிற்று. வரலாற்று மாணவர்க்கு இது புதுமையன்று. வரி அறவிடுவதற்காகப் பொறிக்கப்பட்ட சாசனத்திலிருந்து சமூக அமைப்பை அறிந்துகொள்ளும் முறைக்கு அவர்கள் பழகியவர்கள். விண்ணிலிருந்து நிலத்தின் இடர்களை நோக்கும் கலையின் வரலாறும் இதே இயல்பினதாகவே அமைந்துள்ளது.

செய்மதித் தொலையுணர்வின் தொடக்கம் 1972 யூலை 23 ஆம் நாள் ஏவப்பட்ட முதலாவது லான்ட்சாற் செய்மதி எனலாம். பயிர், காடு, நீர், கனிவளம் முதலியவற்றைக் கணக்கெடுப்பதே அதன் பணி. ஆயினும் அதன் படங்கள் வேறொரு கதவையும் திறந்தன. பீற்றர் மொல்னார், போல் தப்போனியே என்னும் இருவர் அவற்றின் துணையுடன் திபெத்து, சீனம், மொங்கோலியா ஆகிய நிலப்பரப்புகளில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு நீண்டு கிடக்கும் பிளவுகளைத் தொடர்ந்து நோக்கி, இந்திய நிலத்திணிவு ஆசியாவுடன் மோதியதன் விளைவாகவே அவை தோன்றின என 1975 இல் எழுதினர். பிறநாட்டு ஆய்வாளர் எளிதிற் கால்வைக்க முடியாதிருந்த நிலப்பரப்புகள் அவை என்பதை நினைக்கும்போது இச்சாதனையின் பெருமை விளங்கும். ஆனால் லான்ட்சாற் படத்தின் மிகச் சிறிய புள்ளி ஏறத்தாழ எண்பது மீற்றர் அகலமுடையது. பிளவு எங்குள்ளது என்பதை அது காட்டிற்று. பிளவு அசைகின்றதா என்பதைக் காட்டும் ஆற்றல் அதற்கில்லை. முகில் மூடிய வேளையிலோ அதனால் எதனையுமே காணமுடியாது. மண்சரிவு நிகழ்வது பெரும்பாலும் முகில் மூடிய நாட்களிலேயே.

இக்குறையை நீக்கியது ராடார் ஆகும். ஒளியைப் பெற்றுப் படம் பிடிக்கும் கருவி ஞாயிற்றை நம்பியிருக்க, ராடாரோ தானே நுண்ணலைகளை அனுப்பித் திரும்பிவரும் எதிரொலியைப் பதிவுசெய்கின்றது. இரவும் முகிலும் அதற்குத் தடையல்ல. கூர்மையான படம் பெறுவதற்கு மிக நீண்ட அலைவாங்கி வேண்டும் என்பதே அதன் இடர்ப்பாடாக இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் சிறு அலைவாங்கி, வழியில் வெவ்வேறிடங்களிற் பெற்ற எதிரொலிகளை ஒன்றுசேர்த்தால் நீண்ட அலைவாங்கியின் பயனைப் பெறலாம் என்னும் கருத்தினை 1951 இல் கார்ல் வைலி என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் முன்வைத்தார். போர் விமானங்களுக்காக வளர்ந்த இக்கலை பின்னரே விண்ணிற்கு ஏறிற்று.

ராடார் எதிரொலியில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று அதன் வலிமை; படத்தில் வெளிச்சமும் இருளுமாகத் தெரிவது அதுவே. மற்றையது அலையின் அவத்தை, அதாவது எதிரொலி வந்து சேரும்போது அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் எந்நிலையில் இருந்தது என்பது. மணிமுள் இல்லாது நிமிடமுள் மட்டும் உள்ள கடிகாரம் ஒன்றை இதற்கு ஒப்பிடலாம். அக்கடிகாரத்தைக் கொண்டு இப்பொழுது எத்தனை மணி எனக் கூற இயலாது. ஆனால் சற்று முன்பு நோக்கியதற்கும் இப்பொழுது நோக்குவதற்கும் இடையில் முள் எவ்வளவு நகர்ந்தது எனத் துல்லியமாகக் கூறலாம். செய்மதி ஒரே ஒழுக்கில் மீண்டும் வந்து, அதே இடத்தை அதே கோணத்திலிருந்து நோக்குமாயின், இரு படங்களின் அவத்தைகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, இடைக்காலத்தில் நிலம் செய்மதியை நோக்கி நெருங்கிற்றா விலகிற்றா என அறியலாம். மேடுபள்ளங்களால் நேரும் வேறுபாட்டை முதலில் நீக்கிவிடுதல் வேண்டும். எஞ்சுவது நிற வளையங்களாகப் படத்தில் விரியும். அலை போய்த் திரும்புவதால் வளையம் ஒவ்வொன்றும் அலைநீளத்தின் அரைவாசி அசைவைக் குறிக்கும். எண்ணூறு கிலோமீற்றர் உயரத்திலிருந்து ஒரு விரலிடை அசைவை அளக்கும் இம்முறைக்கு ராடார் தலையீட்டு முறை என்று பெயர்.

இம்முறைக்கான முதற் சான்று தற்செயலாகவே கிட்டிற்று. 1978 யூன் மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா ஏவிய சீசாற் என்னும் செய்மதி, பெயர் உணர்த்துவது போலக் கடலை ஆராயச் சென்றது. நூறு நாட்களைச் சிறிது கடந்த நிலையில், ஒக்டோபரில், மின்கோளாறு ஒன்றினால் அது செயலிழந்தது. அற்ப ஆயுளுடன் முடிந்த முயற்சி என்றே அக்காலத்திற் பலரும் கருதியிருப்பர். ஆனால் பதிவுகள் எஞ்சின. கேப்ரியல், கோல்ட்ஸ்ரைன், செப்கர் ஆகிய மூவர் அவற்றைக்கொண்டு கலிபோர்ணியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கை ஆராய்ந்து 1989 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நீர் பாய்ச்சிய வயல்களில் மண் ஊறிச் சில சென்ரிமீற்றர் பொங்கியிருந்தமை அதில் வயல் வயலாகத் தெரிந்தது. வயல் ஊறியதனால் எவர்க்கும் இடரில்லை. ஆயினும் பதினொரு ஆண்டுகள் பழைமையான பதிவொன்றிலிருந்து இத்துணை நுண்ணிய அசைவைப் படித்தறிய முடியும் என்பது நிலைநாட்டப்பட்டது.

அடுத்த படி ஐரோப்பாவில் நிகழ்ந்தது. 1991 யூலை 17 ஆம் நாள் ஐரோப்பிய விண்வெளி முகவரகம் தனது முதலாவது ராடார் செய்மதியாகிய ஈ.ஆர்.எஸ்.-1 ஐ ஏவியது. கடலும் பனிக்கட்டியுமே அதற்கும் முதன்மைப் பொருள்களாக இருந்தன. அது சென்று ஓராண்டு நிறைவதற்குள், 1992 யூன் 28 ஆம் நாள், கலிபோர்ணியாவின் மொகாவே பாலைநிலத்தில் லான்டர்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகில் 7.3 அளவுடைய பூமியதிர்ச்சி ஏற்பட்டது. அதிர்ச்சிக்கு முன் அப்பகுதியை ஈ.ஆர்.எஸ்.-1 பதிவுசெய்திருந்தது. துலூசிலுள்ள பிரெஞ்சு விண்வெளி ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த டிடியே மசோனே என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அப்படத்தையும் அதிர்ச்சியின் பின் பெற்ற படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தலையீட்டு வளையங்களை வரைந்தனர். 1993 யூலையில் ‘நேச்சர்’ ஏட்டின் அட்டையில் அப்படம் வெளியாயிற்று. பிளவின் இருமருங்கும் நிறவளையங்கள் சுற்றிச் சுற்றி அடர்ந்து, நிலம் முழுவதும் எவ்வாறு உருக்குலைந்தது என்பதை ஒரே பார்வையிற் காட்டின. றீட் தமது காலத்தில் மலையுச்சிக் குறிகள் சிலவற்றைக் கொண்டு ஊகித்ததை, இடைவெளியின்றி நிலப்பரப்பு முழுவதிலும் காணுதல் இயன்றது.

அப்படத்தின் வெற்றிக்கு லான்டர்சின் வறண்ட நிலமும் துணைநின்றது என்பதை மறத்தலாகாது. பாலைநிலத்தில் மாதங்கள் கழிந்தும் பாறை பாறையாகவே இருக்கும். இலையும் தழையும் உள்ள இடத்திலோ, ஐந்தரைச் சென்ரிமீற்றர் அலையொன்று இலைகளிற் பட்டே திரும்பிவிடும். இலைகள் வளரும், உதிரும், காற்றில் அசையும். சில வாரங்களுக்குள் இரு படங்களுக்கும் இடையே ஒப்பிடத்தக்க பொதுமை இல்லாதொழியும். ஈரவலய நாடுகளின் மலைகளைப் பற்றிப் பேசும்போது இவ்வேறுபாடு பெரிதாகின்றது.

முதல் வெற்றியின் மகிழ்ச்சி சிலரை வழுவவும் செய்தது. சிசிலித் தீவிலுள்ள எற்னா எரிமலை 1991 முதல் 1993 வரை கக்கிய பின்னர், உள்ளிருந்த பாறைக்குழம்பு குறைந்தமையால் மலை முழுவதும் தாழ்ந்தது எனச் செய்மதிப் படங்களைக் கொண்டு 1995 இல் மசோனே குழுவினர் எழுதினர். பின்வந்த ஆய்வாளர்கள் அவ்வளையங்களுட் பல நிலத்தின் அசைவினால் தோன்றியவையல்ல, இரு நாட்களுக்கும் இடையே காற்றில் இருந்த நீராவி வேறுபட்டமையால் அலை தாமதித்து எழுந்தவை எனக் காட்டினர். சாசனத்தின் எழுத்துப் பிழையை அரசனின் பெயராகப் படித்த கதைகள் வரலாற்றுத் துறையிலும் உண்டு. இத்தவறுக்குப் பரிகாரம் படங்களின் தொகையைப் பெருக்குவதேயாயிற்று. மிலான் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் பெரெற்றி, பிராற்றி, ரொக்கா ஆகியோர், பல பத்துப் படங்களிலும் மாறாது எதிரொலிக்கும் கட்டட மூலைகள், பாறைகள் முதலியவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றின் அசைவையும் காலவரிசையில் அளக்கும் முறையை இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி உருவாக்கினர். காற்றின் பிழை ஒவ்வொரு நாளும் வேறுவேறாக இருக்க, நிலத்தின் அசைவு தொடர்ந்து ஒரு நெறிப்பட்டுச் செல்லுமாதலால் இரண்டையும் பிரித்தறிய முடிந்தது.

இதுவரை கூறியவை நடந்துமுடிந்ததை அளந்த கதைகள். நடக்கவிருப்பதைப் பற்றிய ஐயத்தைச் செய்மதி முதலில் எழுப்பிய நிகழ்ச்சிகளுள் ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்தது. தென் சகோதரி எனப் பெயர்பெற்ற எரிமலை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக அடங்கிக் கிடந்தது. அதனருகில் நிலம் உயர்ந்துவருவதை 2001 இல் பழைய ஈ.ஆர்.எஸ். படங்களைப் புரட்டியபோது ஆய்வாளர் கண்டனர். உயர்வு தொண்ணூறுகளின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. நிலத்தில் எவரும் அதனை உணரவில்லை. உடனே அங்கு அளவைக் கருவிகள் நிறுவப்பட்டன. 2004 இல் சிறு அதிர்வுகள் பல அடுத்தடுத்துப் பதிவாயின. எரிமலை கக்கவில்லை. எனினும் எங்கே காவல் வைக்கவேண்டும் என்பதைச் செய்மதி சுட்டியது. காத்தவை நிலத்துக் கருவிகள்.

2014 ஏப்பிரல் 3 ஆம் நாள் ஏவப்பட்ட சென்ரினல்-1ஏ செய்மதியுடன் நிலைமை பெரிதும் மாறிற்று. பன்னிரண்டு நாட்களுக்கொருமுறை அது மீண்டும் வந்தது. அதன் படங்கள் எந்நாட்டவரும் விலையின்றிப் பெறத்தக்கனவாயின. முன்னர் காசு கொடுத்துத் தேடவேண்டியிருந்த முற்படம் இப்பொழுது தானாகவே சேமிப்பில் இருக்கும் நிலை உருவாயிற்று. இதன் பயனையும் எல்லையையும் சீனாவின் சிச்சுவான் மாகாணத்து நிகழ்ச்சியொன்று காட்டுகின்றது. 2017 யூன் 24 ஆம் நாள் விடியற்காலையில் மாவோசியன் பகுதியிலுள்ள சின்மோ என்னும் மலைக்கிராமத்தைச் சரிந்த மலை மூடிற்று. இறந்தோரும் காணாமற்போனோருமாக எண்பதுக்கு மேற்பட்டோர். பின்னர் இத்தாலிய ஆய்வாளர்கள் சென்ரினல் படங்களைக் கோவைப்படுத்தி நோக்கியபோது, அம்மலையின் மேற்பகுதி முன்னரே அசைந்துகொண்டிருந்தது, வீழ்ச்சியை அண்டிய காலத்தில் அவ்வசைவு விரைவுற்றது எனக் கண்டனர். படங்கள் இருந்தன. அவை எவராலும் அந்நோக்கில் வாசிக்கப்படவில்லை. உலகிலுள்ள மலைச்சரிவுகள் அனைத்தையும் பன்னிரண்டு நாட்களுக்கொருமுறை வாசிப்பது எளிதன்று என்பது உண்மையே. ஆனால் அவ்விளக்கம் சின்மோவில் உறவினரை இழந்தோர்க்கு என்ன ஆறுதல் தரும்?

வாசித்த பின்னர் நிகழ்வது என்ன என்பதற்கு இந்தியாவின் ஜோஷிமத் நகரம் சான்று. உத்தரகண்ட் மாநிலத்துச் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத் யாத்திரை வழியில் உள்ள இந்நகரம் பண்டைய மண்சரிவொன்றின் குவியல்மேல் அமைந்தது. கட்டுறுதியான பாறையன்று, மணலும் கல்லும் கலந்த படிவே அதன் அடித்தளம், அங்கு பாரிய கட்டுமானங்களுக்கு இடமளித்தலாகாது என மிஸ்ரா என்னும் அதிகாரியின் தலைமையிலான குழு 1976 இலேயே அறிவுறுத்தியிருந்தது. அதன் பின்னர் விடுதிகள் எழுந்தன, வீதிகள் அகன்றன, அயலில் நீர்மின் திட்டத்திற்கான சுரங்கம் அகழப்பட்டது. 2022 இன் இறுதியிலும் 2023 ஜனவரியிலும் வீடுகள் வெடித்தன. குடும்பங்கள் பல வெளியேறின. அப்பொழுது இந்தியத் தேசிய தொலையுணர்வு நிலையம் செய்மதிப் படங்களைக் கொண்டு தயாரித்த அறிக்கையொன்றை வெளியிட்டது. 2022 ஏப்பிரல் முதல் நவம்பர் வரையான ஏழு மாதங்களில் நகரம் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் தாழ்ந்தது. டிசெம்பர் 27 இற்கும் ஜனவரி 8 இற்கும் இடைப்பட்ட பன்னிரண்டு நாட்களில் மாத்திரம் 5.4 சென்ரிமீற்றர் தாழ்ந்தது என அது கூறிற்று. வெவ்வேறு நிறுவனங்கள் தரும் விளக்கங்கள் மக்களைக் குழப்புகின்றன எனக் கூறித் தேசிய அனர்த்த முகாமைத்துவ அதிகார சபை, ஊடகங்களுடன் பேசுவதையும் தரவுகளைப் பகிர்வதையும் தவிர்க்குமாறு ஜனவரி 13 ஆம் நாள் அரச நிறுவனங்களைப் பணித்தது. அறிக்கை இணையத்திலிருந்து மறைந்தது. அவ்வளவையில் வழு இருந்திருக்கலாம். எற்னாவின் கதை அதற்கு இடந்தருகின்றது. ஆனால் வழுவைச் சுட்டுவது வேறு. ஆவணத்தை அகற்றுவது வேறு. வீட்டுச் சுவரில் வெடிப்பைக் கண்ட ஒருவர்க்கு அவ்வெடிப்பைப் பற்றிய எண்ணைக் காட்டாதிருந்தால் குழப்பம் குறையும் என்ற வாதத்தை ஏற்பது கடினம்.

இலங்கையின் மலையகத்தில் இதற்கு ஒப்பானதொரு நிகழ்ச்சி 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில் நடந்தது. பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மண்சரிவு மூடிற்று. அம்மலைச்சரிவு ஆபத்தானது, குடியிருப்போர் இடம்பெயர வேண்டும் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. செய்மதியின் துணை அவ்வெச்சரிக்கைக்குத் தேவைப்படவில்லை. நிலத்தை நேரில் நோக்கியே அது கூறப்பட்டது. ஆயினும் லயன் அறையும் அது நின்ற நிலமும் அங்கு வாழ்ந்த தொழிலாளர்க்கு உரியனவல்ல. மாற்றிடம் கையில் தரப்படாதவரை, வேலைக்கும் குடியிருப்புக்கும் ஒரே தோட்டத்தைச் சார்ந்திருந்த குடும்பம் தன் விருப்பப்படி எங்கே செல்வது? ஜோஷிமத்தின் 1976 ஆம் ஆண்டு அறிக்கையும் மீரியபெத்தை பற்றிய எச்சரிக்கைகளும் அருகருகே வைத்து நோக்கத்தக்கவை. இரண்டிலும் அறிவு முந்தியது. நிலவுடைமையும் பொருளாதாரமும் அதன் வழியை மறித்தன.

செய்மதி அன்று மீரியபெத்தையில் எதனைக் கண்டிருக்கும் என வினவுதலும் தகும். சென்ரினல்-1ஏ இன் படங்கள் பொதுமக்களுக்கு வழங்கப்படத் தொடங்கியது அதே ஒக்டோபரின் முதல் நாட்களிலேயாதலால், ஒப்பிடுவதற்குரிய நீண்ட தொடர் அதனிடம் இருக்கவில்லை. இருந்திருப்பினும் தேயிலையும் நிழல்மரங்களும் அடர்ந்த சரிவில் அதன் குறுகிய அலை பெருமளவிற் பயனற்றுப்போயிருக்கும். மேலும் கனமழையில் சில நிமிடங்களிற் பாய்ந்துவரும் சேற்றுப் பெருக்கை, பன்னிரண்டு நாட்களுக்கொருமுறை வரும் கண் முன்கூட்டிக் காட்டாது. ஆகவேதான் மலையகத்தில் நாளாந்த எச்சரிக்கை மழைமானியைச் சார்ந்துள்ளது. இருபத்து நான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பு, 100 ஆயின் ஆயத்தம், 150 ஆயின் வெளியேற்றம் என்னும் படிநிலைகள் அதன் அடிப்படையில் அமைந்தவை. எந்நாளில் என்பதை மழைமானி சொல்லும். பலநூறு சரிவுகளுள் எச்சரிவு ஆண்டாண்டாக ஊர்ந்துகொண்டிருக்கின்றது என்பதை அது சொல்லாது. செய்மதியிடம் எதிர்பார்க்கத்தக்கது இப்பின்னையதே.

அதற்கு நீண்ட அலை வேண்டும். ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர் நீளமான அலை இலைகளை ஊடுருவிக் கிளைகளையும் நிலத்தையும் சென்றடைவதால், தழை அடர்ந்த மலைகளிலும் அதன் படங்கள் நெடுநாள் ஒப்பிடத்தக்கனவாக இருக்கின்றன. யப்பான் 1992 இல் ஏவிய ஜே.ஈ.ஆர்.எஸ்.-1 முதல் 2006 இலும் 2014 இலும் ஏவிய செய்மதிகள் வரை இவ்வலையையே பயன்படுத்தின. ஆனால் அவற்றின் வருகை அடிக்கடி நிகழவில்லை. அமெரிக்காவும் இந்தியாவும் கூட்டாக அமைத்த நிசார் செய்மதி 2025 யூலை 30 ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. நீண்ட அலையும் பன்னிரண்டு நாள் வருகையும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன. படங்களை எல்லோர்க்கும் விலையின்றி வழங்குவதும் அதன் திட்டத்தில் அடங்கும். எனினும் ஊவா மலைகளின் தேயிலைச் சரிவொன்று ஆண்டுக்கு ஓரிரு சென்ரிமீற்றர் ஊர்கின்றதா என்பதைக் காற்றின் பிழையிலிருந்து பிரித்தறிவதற்குப் பல மழைக்காலங்களைக் கடந்த படத்தொடர் ஒன்று முதலிற் சேரவேண்டும்.